மேலே ஒன்று, கீழே ஒன்று

விருந்தாளிக்கு எதையும் அழுக்காகக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் டிலானி. அந்த நல்ல பழக்கத்தால்தான் முதல் தடவை கோசலா மிஸ்ஸின் இரண்டு கிழமை வேலை பாழாய்ப் போனது.

கண்டி டவுனின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு மகாவலியைத் தேடிப் போகிற எல ஒன்று உண்டு. எல என்றால் கால்வாய்தான்; இந்த ஊரில் தமிழாட்களும் அதை எல என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ரயில் பாதையைத் தாண்டி அது வளைகிற இடத்தில், கரையோடு ஒட்டிக்கொண்டு பதினான்கு வீடுகள். தகரக் கூரை, பாதி கல், பாதி பலகை. கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீட்டை விட்டுவிட்டு டவுன் வேலைக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கட்டியது. ஐந்தாவது வீடு டிலானியுடையது. புருசன் சந்திரகுமாரும் எட்டாந்தரம் படிக்கிற மகள் நதாவும் அவளும்.

வீடுகளுக்கு மேலே, எல வருகிற பக்கம் நடந்தால் ஐந்து நிமிசம், ஒரு பித்தளைப் பட்டறை. வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போகிற குத்துவிளக்கு, யானை, தட்டம் எல்லாம் அங்கேதான் பளபளப்பாகும். குமாருக்கு அங்கே வேலை. வார்த்து வருகிற சாமானை அசிட் தொட்டியில் முக்கி எடுத்துச் சக்கரத்தில் பிடித்து மினுக்குவது. பதினாறு வருசமாக அதையே செய்து அவன் நகக்கண்ணில் பச்சை ஏறிவிட்டது. எத்தனை சவக்காரம் போட்டாலும் போகாது.

அந்தத் தொட்டியை எப்போது எலக்குள் திறந்துவிடுவார்கள் என்று வரிசையில் எல்லாருக்கும் தெரியும். மழை இறங்கும்போது. எல கலங்கலாக ஓடும்போது நிறம் தெரியாதல்லவா? மழை இருட்டிக்கொண்டு வந்தால் கொடியில் உள்ள துணியோடு, எலயில் காலை நனைக்கிற பிள்ளைகளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வெளியே சொன்னதில்லை. சோதனைக்கு வருகிறவரும் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், ஒரு போத்தலோடு வந்து ஒரு போத்தல் தண்ணீரோடு போய்விடுவார். பூனைக்கு யார் மணி கட்டுவது?

மார்கழியில் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்ததை நதா வாசித்துச் சொன்னாள். எலத் தண்ணீரில் செம்பும் ஈயமும் கூடிப்போயிருக்கிறதாம். கரையில் குடியிருக்கிறவர்களே காரணம் என்று புகாராம். சித்திரை வருசப் பிறப்பு முடிந்ததும் விசாரணை. அதற்குப் பிறகு வீடுகளை எடுப்பார்களாம்.

"நம்ம கொல்லையில செம்பு வருதாமா?" என்றார் மூன்றாம் வீட்டுப் பழனியாண்டி. பழைய இரும்பு சேர்த்து விற்கிற கிழவர். "அப்டி வந்திருந்தா நான் ஏன் புள்ள தகரத்துக்கு அடியில கெடக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

தை முடிகிற நேரத்தில்தான் கோசலா வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கம்பஸில் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி. டிலானி வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, சுடச்சுட ரொட்டியும் கட்டசம்பலும் கண்ணில் தண்ணீர் வரத் தின்றாள். பிறகு கைப்பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்தாள். கோட்டுப் பொத்தான் அளவு. நடுவில் மெல்லிய தோல் மாதிரி ஒன்று.

"இதுக்குப் பின்னால பசை மாதிரி ஒண்டு இருக்கு அக்கா. போத்தில் அந்த நேரத்துத் தண்ணியை மட்டுந்தான் சொல்லும். இது ரெண்டு கிழமையும் தண்ணிக்குள்ளயே கிடக்கும். வெயிலெண்டாலும் மழையெண்டாலும், போற செம்பையும் ஈயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாத் தனக்குள்ள பிடிச்சு வைச்சிடும்."

"மழையில போறதையும் புடிக்குமா மிஸ்?"

"ஓம். ஒருத்தரும் பார்க்காத நேரத்தில போறதையும் பிடிக்கும்." ரொட்டித் துண்டுகள் இரண்டை மேசையில் வைத்தாள். "உங்கட வீடுகளுக்கு மேல ஒண்டு கட்டுவன், கீழ ஒண்டு கட்டுவன். மேல உள்ளதில கனக்க இருந்தா, அழுக்கு உங்களிட்ட வர முதலே தண்ணிக்குள்ள வந்திட்டுது. மேல இல்லாமல் கீழ மட்டும் இருந்தா…"

"இருந்தா?"

"அப்ப உங்கட வரிசையில இருந்துதான் வருது. அப்பிடி வந்தாலும் நான் எழுதத்தான் வேணும் அக்கா."

"எழுதுங்க மிஸ். எங்களுக்கு என்னா பயம்?" என்றாள் டிலானி.

பட்டறைக்குக் கீழே, வீடுகளுக்கு மேலே உள்ள சின்னப் பாலத்தின் காலில் ஒரு கம்பிக் கூடு, கடைசி வீட்டுக்குக் கீழே கொய்யா மரத்து வேரில் இன்னொரு கூடு. ஒவ்வொன்றிலும் மூன்று பொத்தான். நீலக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். தினம் ஒரு தடவை கயிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது டிலானியின் பொறுப்பு. தூக்கக் கூடாது, பார்த்தால் போதும்.

இரண்டு கிழமை கழித்துக் கோசலா வருகிற நாளில், வாறன் என்று போன் வந்ததும், டிலானி இரண்டு கூட்டையும் தானே எடுத்து வந்தாள். கறுப்புச் சளி படிந்து, நாற்றம். படித்த பிள்ளையின் கையில் இதை எப்படிக் கொடுப்பது? பாத்திரம் கழுவுகிற சவக்காரமும் தேங்காய்த் தும்பும் போட்டு ஒவ்வொரு பொத்தானையும் தேய்த்து, வெயிலில் காய வைத்து, தட்டில் அடுக்கி வைத்தாள்.

கோசலா தட்டைப் பார்த்தாள். டிலானியைப் பார்த்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியவள் சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் போச்சு அக்கா."

"நான் நல்லதுக்குத்தான் மிஸ்…"

"தெரியும். அழுக்கோட தாங்கோ. கழுவாமல் தாறதுதான் எனக்கு மரியாதை, என்ன?"

வரிசை முழுக்க இந்தக் கதை ஓடியது. "டிலானி வீட்டுக்குப் போனா எலயையே கழுவிக் குடுப்பா" என்று பழனியாண்டி வாய் ஓயாமல் சொன்னார். இரண்டாம் முறை மாசியின் கடைசியில் கட்டினார்கள். விசாரணைக்கு முன்னால் அதுதான் கடைசி என்று கோசலா சொல்லியிருந்தாள்.

கட்டிய அன்று மாலை டிலானி குமாரிடம் எல்லாம் சொன்னாள். பலாக்காய்க் கறியில் கையை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தவன் அதில் எவ்வளவைக் கேட்டானோ தெரியாது.

"பட்டறைத் தண்ணியப் புடிச்சிருமா அது?" என்று மட்டும் கேட்டான். "கடைய மூடிட்டா நான் எங்க போறது?"

"மூட மாட்டாங்களாம். குழி கட்டி வடிச்சி விடச் சொல்லுவாங்களாம். மிஸ் சொன்னாங்க. நமக்கு வீடு நிக்குமில்ல?"

"ம்" என்றான் குமார்.

மழை தொடங்கிவிட்டது. மத்தியானம் வரை கொளுத்தி, மூன்று மணிக்கு மலைப்பக்கம் இடித்து, நாலு மணிக்குக் கொட்டுகிற மழை. டிலானி தினமும் காலையில் இரண்டு இடத்துக்கும் போனாள். நீலக் கயிறு தண்ணீரில் விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு தைரியம். குமாரும் வேலை விட்டு வந்ததும் கேலியாகக் கேட்பான்.

"ஒம் பொத்தான் பத்திரமா?"

"பத்திரமா இருக்கு, போங்க."

ஒரு கிழமை போயிருக்கும். குமார் பாணும் பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு வெள்ளெனவே வந்தான். வாசலில் நின்றே சொன்னான்.

"இன்னையிலேருந்து நான் பாஸ்."

பட்டறையில் பாஸ் என்றால் வேலையாட்களுக்கெல்லாம் தலைவன். பதினாறு வருசம் "டேய் குமார்" என்று கூப்பிட்ட வாயெல்லாம் இனி "பாஸ்" என்று கூப்பிட வேண்டும். டிலானிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் விடியவே எழுந்து, தேங்காய் துருவி, கெட்டிப் பாலில் கிரிபத் பாற்சோறு கிண்டித் தட்டத்தில் அழுத்தி, சதுரம் சதுரமாய் வெட்டிப் பதினான்கு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழனியாண்டி இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். "நம்ம வரிசையிலயும் ஒருத்தன் பாஸாயிட்டான்டா!" என்று எலக்கரையில் நின்று யாருக்கோ சத்தம் போட்டார்.

கெடு முடிந்த அன்று கோசலா வந்து தானே எடுத்தாள். கீழ்க்கூடு கறுத்துப் போயிருந்தது. மேல்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நல்ல துப்புரவாய் இருக்கு. கழுவினீங்களோ அக்கா?"

"சத்தியமா தொடல மிஸ்! கயித்த மட்டுந்தான் பாத்தேன்."

"தண்ணி வேகமாய் இழுத்திருக்குமாக்கும்" என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு பைக்குள் போட்டாள்.

பங்குனி முடிகிற நேரத்தில், வருசப் பிறப்புக்குப் பலகாரம் சுட எண்ணெய் வாங்கி வைத்திருந்த ஒரு நாள், கோசலா மறுபடி வந்தாள். கதிரையில் உட்காரவில்லை. வைத்த பிளேன்டீ ஆறியது.

"அக்கா, மேல ஒண்டும் இல்லை. சும்மா மலையூற்றுப் பீலித் தண்ணி மாதிரி. கீழ செம்பும் ஈயமும் கனக்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்கட வரிசையில ஆராவது வயர் எரிக்கினமோ?"

பழனியாண்டி எப்போதாவது பழைய வயரை எரித்து உள்ளே உள்ள செம்புக் கம்பியை எடுப்பார். மாசத்துக்கு ஒரு பிடி கூட வராது.

"எங்க வீட்டு ரொட்டியத் தின்னுட்டு எங்க தலையிலயே கல்லப் போடுறீங்களே மிஸ்!"

"நான் பொய் எழுதேலாது அக்கா. அண்டைக்கே சொன்னனான்."

"அப்ப மழையில வர்றதப் புடிக்கும்னு சொன்னது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல" என்றாள் கோசலா. அவளுக்கும் அழுகை வந்திருந்தது.

செய்தி பரவ எவ்வளவு நேரம்? நேற்று வரை பழனியாண்டியின் பகிடிக்குச் சிரித்தவர்கள் இன்று அவர் வாசலில் நின்று திட்டினார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். டிலானிக்கும் கிடைத்தது. "நீதானே அந்தச் சனியனக் கொண்டாந்து கட்டினே! சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தியே!" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குமார் வந்தான். கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். டிலானி சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் வைத்தாள்.

"மேல சுத்தமாம்" என்றாள்.

குமாரின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு? பட்டறைக்கும் பிரச்சின இல்ல, நமக்கும் பிரச்சின இல்ல."

"நமக்கு எப்டி இல்ல?"

"மேல சுத்தம்னா எல சுத்தந்தானே? அதோட கேஸ் முடிஞ்சிச்சி."

"மேல சுத்தம். கீழ முழுக்கச் செம்பும் ஈயமும். நடுவுல இருக்கிறது யாரு? நம்ம பதினாலு வீடு. நம்மதான் கொட்டுறோமாம். பழனியாண்டி மாமாவ வெளிய தலகாட்ட வுடல. வீட்ட எடுக்கப் போறாங்க."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "அப்டி வராதே" என்றான் குமார். "நான் மேல உள்ளத மட்டுந்தானே எடுத்து…"

நுணலும் தன் வாயால் கெடும். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே விளங்கியது.

டிலானி எதிரே உட்கார்ந்தாள். "எடுத்து?"

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கட்டின மறுநா மொதலாளி உள்ள கூப்ட்டு உக்கார வச்சாரு டிலா. பதினாறு வருசத்துல ஒரு நா கதிரையில உக்காருன்னு அந்த மனுசன் சொன்னதில்ல. மேல உள்ள கூட்ட மட்டும் எடுத்து நம்ம பட்டறைப் பின்பக்கத்து பீலித் தொட்டியில போட்டு வை, கடைசி நா காலையில திருப்பிக் கட்டிரு, அடுத்த கிழமையிலேருந்து நீதான் பாஸுன்னாரு. நம்ம வீட்டுக்கும் நல்லதுன்னுதான் நெனச்சேன்."

"கீழ உள்ளத?"

"அதத் தொடாதேன்னாரு. ரெண்டும் சுத்தமா இருந்தா சந்தேகம் வருமாம்."

"ஏன் தொடாதேன்னாருன்னு ஒனக்கு இப்பயாவது வெளங்குதா?" கோபம் வந்தால்தான் அவள் வாயில் ‘நீ’ வரும். "நான் நித்தம் கயித்தப் பாத்தேனே. இழுத்துக்கிட்டுத்தானே இருந்திச்சி?"

"வார்ப்புப் பெசகின வெளக்குப் பாதம் ஒண்ணக் கட்டி வுட்டிருந்தேன்."

பதினான்கு நாள். காலையில் போய் ஒரு விளக்குப் பாதத்துக்குக் காவல் இருந்துவிட்டு வந்து, மாலையில் இவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். இவனும் தின்றுகொண்டே பொத்தான் பத்திரமா என்று கேட்டிருக்கிறான். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த கிரிபத் நினைவுக்கு வந்தது. வீடுகளை விற்றுவிட்டு அந்த வீடுகளுக்கே இனிப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"எனக்குத் தெரியாது டிலா, சத்தியமா தெரியாது" என்று குமார் அழுதான். "விசாரணையில நானே எந்திரிச்சி சொல்லிர்றேன். வேல போனாப் போகட்டும். நதா மேல சத்தியம்."

அவள் நம்பினாள். நம்பாமல் எப்படி அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது? தானாகச் சொல்லித் தலை நிமிரட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் வெறும் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? கழற்றிய விளக்குப் பாதத்தைப் பாலத்துக்கு அடியிலேயே போட்டதாக அவன் சொல்லியிருந்தான். மறுநாள் மத்தியானம் மழைக்கு முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எலக்குள் இறங்கினாள். முழங்கால் வரை சேறு. காலால் துழாவி, கையால் துழாவி, நாலாவது தடவை அகப்பட்டது. மேலெல்லாம் கறுத்து, பச்சை பூத்து, அரித்துப் பொத்தல் பொத்தலாய் இருந்தது. அடியில் பட்டறையின் தாமரை முத்திரை. அறுத்துவிட்ட நீலக் கயிற்றின் துண்டு இன்னும் அதன் கழுத்தில் இருந்தது. கழுவத் தும்பைத் தேடிப் போன கையை இழுத்துக்கொண்டாள். அப்படியே பிளாஸ்டிக் சிலி பைக்குள் போட்டு முடிந்து வைத்தாள்.

வருசப் பிறப்பு வந்தது, போனது. அந்த வரிசையில் யாரும் பலகாரம் மாற்றிக்கொள்ளவில்லை. பழனியாண்டி வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டிலானி நடையை எட்டிப் போடுவாள். திங்கட்கிழமை விசாரணை, திங்கட்கிழமை விசாரணை என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

திங்கட்கிழமை குமார் விடியவே எழுந்து புதுச் சட்டை போட்டான். "நீ ஆக்களோட பஸ்ஸில வா. நான் முன்னால போறேன்" என்றான்.

விசாரணை அந்த அரசாங்கக் கந்தோரின் மேல்மாடியில். வரிசை ஆட்கள் வாசலில் கூடி நிற்கும்போது முதலாளியின் வான் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து முதலாளி இறங்கினார். பின் கதவு திறந்து குமார் இறங்கினான். டிலானியின் பக்கம் திரும்பாமல் படி ஏறினான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். முன்வரிசைக் கதிரையில் முதலாளி, பக்கத்துக் கதிரையில் குமார். வரிசை ஆட்களுக்குப் பின்னால் நீள வாங்குப் பலகைகள். பழனியாண்டி சுவரோரம் நின்றார். அவருக்கு யாரும் இடம் விடவில்லை. கோசலா எழுந்து தாளில் இருந்ததை வாசித்தாள், தலையைத் தூக்காமல். முதலாளி நல்ல தன்மையாகச் சொன்னார், எல்லாம் சிங்களத்தில்: "பாவப்பட்ட சனம். எடுக்கிறதென்றால் வேறு இடம் பார்த்துக் கொடுங்கள்."

"யாருக்காவது சொல்ல இருக்கிறதா?" என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார். கண் குமாரிடம் போனது. "நீங்கள்?"

"நம்ம பாஸ்" என்றார் முதலாளி. "அவரும் அந்த வரிசைதான்."

"அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

டிலானி அவன் முதுகைப் பார்த்தாள். சொல்லு. நதா மேல் அடித்தாயே சத்தியம், சொல்லு.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சேர்" என்றான் குமார்.

அவ்வளவுதான். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வாங்குகளுக்கு நடுவே நடந்து முன்னால் போய், பையின் முடிச்சை அவிழ்த்து, அதிகாரியின் மேசையில் விளக்குப் பாதத்தை வைத்தாள். எல நாற்றம் அறை முழுக்க எழுந்தது.

"மேலே இருந்த பொத்தானை எடுத்துப் பட்டறைப் பீலித் தொட்டியில் போட்டுவிட்டு, கயிற்றில் இதைக் கட்டித் தொங்கவிட்டார்கள்" என்று சிங்களத்தில் சொன்னாள். "மிஸ் வாசித்தது எலத் தண்ணீர் இல்லை, பீலித் தண்ணீர். எலத் தண்ணீர் என்ன செய்யும் என்று இதைப் பாருங்கள்."

கோசலா ஓடி வந்தாள். தொடப் போன கையை இழுத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, கழுவினீங்களோ?"

"இல்ல மிஸ். எடுத்தபடி இருக்கு."

முதலாளி சிரித்தார். "எங்கள் சாமான்தான். உடைந்தது குப்பையில் எத்தனையோ கிடக்கும். யாரும் பொறுக்கலாம்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதைக் கட்டியது யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிலானி குமாரின் பக்கம் திரும்பினாள். இப்போதும் அவன் எழுந்திருக்கலாம் என்று ஒரு பாழாய்ப்போன நினைப்பு. அவன் தன் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டினவருக்குப் பதினான்கு நாளும் சோறு போட்டது நான்தான்" என்றாள். "இந்தப் பாஸ் என் புருசன்."

சுவரோரம் நின்ற பழனியாண்டி "ஐயோ புள்ள" என்றார்.

குமார் கதிரையை விட்டு எழுந்து நின்றான். முதலாளி உட்பட யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.